குறுஞ்சொல் அடித்தால் பத்தி வரும்: தட்டச்சைக் குறைக்க ஒரு வழிகாட்டி

இரண்டு மூன்று எழுத்துகளை அடித்தவுடன் அவற்றுக்குப் பதிலாக ஒரு முழு முகவரியோ, ஒரு பத்தியோ, இன்றைய தேதியோ தானாக வந்து நிற்கும்படி கணினியைப் பழக்க முடியும். அடிக்கும் அந்தச் சில எழுத்துகளைக் குறுஞ்சொல் என்றும், அவற்றின் இடத்தில் வந்து நிற்பதை விரிவு என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன். இதை அமைப்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தவறான வரிசையில் தொடங்கினால், மிச்சமாகும் நேரத்தைவிடத் திருத்துவதில் செலவாகும் நேரம் கூடிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

நான் முதல் நாளிலேயே எழுபது குறுஞ்சொற்களை உருவாக்கினேன். அவற்றுள் ஒன்று ‘நன்’. அலுவல் கடிதங்களின் இறுதியில் வரும் ‘தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. மீண்டும் தங்களுடன் பணியாற்ற ஆவலுடன் காத்திருக்கிறோம்.’ என்ற இரண்டு வாக்கியங்களுக்காக அதை வைத்திருந்தேன். சில நாள்கள் கழித்து, உடன் பணியாற்றிய ஒருவரின் தந்தை மறைந்தபோது எழுதிய இரங்கல் மடலில் ‘அவர் பெற்றிருந்த நன்மதிப்பு’ என்று அடித்தேன். கண் விசைப்பலகையில் இருந்தது. மடல் போய்ச் சேர்ந்த பிறகுதான் மீண்டும் படித்தேன். ‘அவர் பெற்றிருந்த தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. மீண்டும் தங்களுடன் பணியாற்ற ஆவலுடன் காத்திருக்கிறோம்.மதிப்பு’ என்று அதில் இருந்தது. அன்றே எழுபதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கீழே இருப்பது அந்த இரண்டாவது முயற்சியின் வரிசை.

செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிமிடத்துக்கு 200 விசைகள் தட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். 400 விசைகள் கொண்ட ஒரு மறுமொழிக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதை நாளொன்றுக்கு எட்டு முறை அனுப்பினால் பதினாறு நிமிடம். குறுஞ்சொல்லுக்கு ஐந்தாறு விசைகள் போதும். அமைப்பதற்கு ஒரு மணி நேரமும், பழகுவதற்கு இரண்டு மூன்று வாரங்களும் தேவைப்படும். பணச் செலவு இல்லாமலேயே முழுவதையும் செய்துவிடலாம். மாதச் சந்தா கேட்கும் செயலிகளும் உண்டு. அவை பெரும்பாலும் ஒரு குழுவே ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொள்வதற்குப் பயன்படுபவை என்பதால், தனியாளாக இருக்கும் நீங்கள் முதல் மாதத்தில் அவற்றை வாங்க வேண்டாம்.

1. ஒரு வாரம் எதையும் நிறுவாமல் குறித்து மட்டும் வையுங்கள்

ஒரு தாளையோ வெற்றுக் கோப்பையோ அருகில் வைத்துக்கொண்டு, ‘இதை முன்பும் அடித்திருக்கிறேனே’ என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் அந்த வரியைக் குறித்து, மீண்டும் வரும்போது பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். வார இறுதியில் ஐந்து கோடுகளுக்கு மேல் பெற்றவை மட்டுமே குறுஞ்சொல்லுக்குத் தகுதியானவை. நான் எழுபது குறுஞ்சொற்களை உருவாக்கியபோது, அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது ‘என்றாவது தேவைப்படும்’ என்ற எண்ணத்தில் சேர்த்தவை. அப்படிச் சேர்த்தவற்றின் பெயர் தேவைப்படும் நாளில் நினைவுக்கு வருவதில்லை.

அனுப்பிய மின்னஞ்சல்களின் தொகுப்பையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே கருத்தை நான்கு விதமாக எழுதியிருப்பீர்கள். அந்த நான்கில் சிறந்ததை எடுத்துச் செம்மைப்படுத்தி வைத்துக்கொள்வது இந்த வாரத்தின் வேலை. ‘தாங்கள்’ என்று தொடங்கி ‘உங்களுக்கு’ என்று முடியும் பத்திகளை இப்போதே சரிசெய்துவிடுங்கள். விரிவாக மாறிய பிறகு அந்தப் பிழை ஒவ்வொரு கடிதத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

2. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவிகள் இரண்டு வகைப்படும். ஒரு செயலிக்கு உள்ளேயே இருந்து, பக்கத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து மாற்றுபவை முதல் வகை. எல்லாச் செயலிகளுக்கும் வெளியே பின்னணியில் ஓடிக்கொண்டு, நீங்கள் தட்டும் விசைகளைக் கவனித்து மாற்றுபவை இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும்.

உங்கள் வேலை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்டில்தான் என்றால், முதல் வகையே போதும். ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று சென்றால் இரண்டு பெட்டிகள் இருக்கும். இடப்பக்கம் குறுஞ்சொல், வலப்பக்கம் விரிவு. குறுஞ்சொல்லை அடித்து இடைவெளி விசையைத் தட்டியதும் மாற்றம் நிகழும். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, வடிவமைப்பு இல்லாத வெற்று விரிவு 255 எழுத்துக்குறிகளைத் தாண்டக் கூடாது. தமிழில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குத் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் இந்த எல்லை எதிர்பார்ப்பதைவிட விரைவில் வந்துவிடும். நீளமான பத்தியை முதலில் ஆவணத்தில் எழுதி, அதைத் தேர்ந்தெடுத்த நிலையில் இந்தப் பெட்டியைத் திறந்து, வடிவமைப்புடன் கூடிய உரையாகச் சேர்த்தால் எல்லை தளரும். இரண்டாவது, இந்தப் பட்டியல் மொழிவாரியாகப் பிரிந்தது. ஆங்கிலத்துக்கான பட்டியலில் சேர்த்துவிட்டு, தமிழ் என்று குறிக்கப்பட்ட பத்தியில் அடித்தால் ஒன்றும் நடக்காமல் போகலாம். பெட்டியின் தலைப்பில் எந்த மொழி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். லிப்ரெஆபிஸில் டூல்ஸ் பட்டியலின் கீழ் இதே வசதி உண்டு. அங்கே மொழியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸின் விசைப்பலகைப் பகுதியில் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அது ஐகிளவுட் வழியாக ஐபோனுக்கும் போய்ச் சேரும். ஆனால் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையின் தனிப்பட்ட அகராதியில் சொல்லோடு சுருக்கத்தையும் சேர்க்கலாம். விரிவு பரிந்துரையாக மேலே தோன்றும், அதைத் தொட வேண்டும்.

உலாவி, மின்னஞ்சல், விரிதாள் என்று பல செயலிகளில் மாறி மாறி எழுதுபவர்களுக்கு இரண்டாம் வகை தேவை. விண்டோஸுக்கு ஆட்டோஹாட்கீ, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் எஸ்பான்ஸோ. இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தது. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர் எதை எடுத்தாலும் சரிதான். ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளம் உள்ளவர் எஸ்பான்ஸோவை எடுக்க வேண்டும். அலுவலகக் கணினியானால் நிறுவுவதற்கு முன் கணினிப் பிரிவின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். விசைகளைக் கவனிக்கும் எந்த நிரலையும் நச்சுநிரல் தடுப்பான் ஐயத்தோடு பார்க்கும். அனுமதி இல்லாமல் நிறுவியவரின் கணினிதான் முதலில் விசாரணைக்குப் போகும். அனுமதி கிடைக்காவிட்டால் வேர்டிலும் உலாவியிலும் உள்ள வசதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே பெரும் மிச்சம்தான்.

3. குறுஞ்சொல்லுக்கு வடிவம் கொடுத்தல்

எந்தக் கருவி என்பதைவிட இந்தப் படிதான் முக்கியம் என்பது என் கருத்து. இதில் அவசரப்பட்டதால்தான் அந்த இரங்கல் மடல் கெட்டது.

இயல்பான எழுத்தில் ஒருபோதும் வராத ஒரு தொடக்கக் குறி குறுஞ்சொல்லுக்கு வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும் பலர் அரைப்புள்ளியையோ (;) முக்காற்புள்ளியையோ (:) முன்னால் வைப்பார்கள். எஸ்பான்ஸோவின் எடுத்துக்காட்டுகளும் முக்காற்புள்ளியோடுதான் வரும். இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், விசைக்கொரு தமிழ் எழுத்தாக அமைந்த தமிழ்99 விசைப்பலகையில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ஆங்கில அரைப்புள்ளியின் விசை ‘ந’ ஆகிவிடுகிறது. சாய்கோட்டு விசை ‘ழ’. இரண்டு சதுர அடைப்பு விசைகளும் ‘ச’, ‘ஞ’. நான் அரைப்புள்ளி வைத்து உருவாக்கிய குறுஞ்சொற்கள் ஆங்கில நிலையில் வேலை செய்து, தமிழ் நிலைக்கு மாறியதும் முன்னால் ஒரு ‘ந’ ஒட்டிக்கொண்டு செயலிழந்தன. காரணம் புரிய எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று.

காற்புள்ளி விசை தமிழ்99 நிலையிலும் ஆங்கில நிலையிலும் காற்புள்ளியாகவே இருக்கிறது. இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து எந்த ஒழுங்கான வாக்கியத்திலும் வருவதில்லை. ஆகவே நான் பயன்படுத்தும் வடிவம் இது: முன்னால் இரண்டு காற்புள்ளி, நடுவில் எழுத்துகள், இறுதியில் ஒரு காற்புள்ளி. முகவரிக்கு ,,மக, என்றும், மறுமொழிக்கு ,,மழ, என்றும் வைத்திருக்கிறேன்.

இறுதிக் காற்புள்ளி எதற்கு என்று கேட்கலாம். இரண்டாம் வகைக் கருவிகள் பலவும் குறுஞ்சொல்லின் கடைசி எழுத்து விழுந்த கணத்திலேயே விரித்துவிடும். ‘,,பக’ என்பதைப் பல்கலைக்கழகம் என்பதற்கும் ‘,,பகத’ என்பதை இன்னொன்றுக்கும் வைத்தால், இரண்டாவதை உங்களால் ஒருபோதும் அடிக்க முடியாது. ‘பக’ வந்தவுடன் முதலாவது விரிந்துவிடும். தமிழில் இது இன்னும் நுட்பமாகக் கடிக்கும். ‘கா’ என்பது கணினியைப் பொறுத்தவரை ‘க’ என்ற குறியீடும் அதன்பின் கால் குறியும்தான். ஆகவே ‘,,க’ என்ற குறுஞ்சொல் இருந்தால், ‘,,கா’ என்று தொடங்கும் எதுவும் பாதியிலேயே விரியும். இறுதியில் ஒரு காற்புள்ளி இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

வேர்ட் போன்ற முதல் வகைக் கருவிகளில் இந்தக் காற்புள்ளிகள் தேவையில்லை. அவை சொல் முடிந்து இடைவெளி வந்த பிறகே மாற்றுவதால், ‘மகவ’ போலச் சொல்லாக இல்லாத ஓர் எழுத்துக்கூட்டம் போதும்.

நடுவில் இரண்டு அல்லது மூன்று எழுத்துகள் வையுங்கள். ஓர் எழுத்து வைத்தால் விரைவில் தீர்ந்துபோகும். நான்கு வைத்தால் நினைவில் நிற்காது. ஒரே வகையைச் சேர்ந்தவை ஒரே எழுத்தில் தொடங்கட்டும். என்னுடைய மறுமொழிகள் எல்லாம் ‘ம’வில் தொடங்கும்; பெயர்களும் நிறுவனங்களும் ‘ப’வில் தொடங்கும்.

4. தமிழ் விசைப்பலகையோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்தல்

குறுஞ்சொல்லின் நடுவில் அகர உயிர்மெய்களை மட்டும் பயன்படுத்துங்கள். புள்ளி, கொம்பு, கால் ஆகியவை வேண்டாம். விரிவை இடுவதற்கு முன், நீங்கள் அடித்த குறுஞ்சொல்லைக் கருவி பின்னழிப்பு விசையால் அழிக்கிறது. எத்தனை குறியீடுகளோ அத்தனை முறை அழிக்கும். ஆனால் ஒரு செயலியில் ஒரு பின்னழிப்பு கொம்பை மட்டும் நீக்கும், இன்னொன்றில் கொம்போடு சேர்த்து முழு எழுத்தையும் நீக்கும். விளைவாக, குறுஞ்சொல்லின் மிச்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அல்லது முன்னால் இருந்த சொல்லின் வால் கடிபடும். அதிலும் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்து ஒவ்வொன்றும் திரையில் எப்போதும் ஒரே மாதிரி தெரிந்தாலும், உள்ளே இரண்டு குறியீடுகளாகவோ மூன்று குறியீடுகளாகவோ இருக்கக்கூடும். அவற்றைக் குறுஞ்சொல்லில் வைத்தால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது.

தமிழ்99 பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் அந்த விசைப்பலகை தானாகப் புள்ளி வைக்கும். தேதிக்கு ‘தத’ என்று வைத்தால் திரையில் விழுவது ‘த்த’. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘மப’ என்று தட்டினால் ‘ம்ப’ ஆகும். ஆகவே இரட்டிக்கும் எழுத்துகளையும் இன எழுத்துச் சேர்க்கைகளையும் தவிருங்கள். நான் தேதிக்கு ,,நள, என்று வைத்திருக்கிறேன். நாள் என்ற சொல்லிலிருந்து எடுத்தது.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறையில் எழுதுபவர்கள், தொடங்கும் முன்பே மூன்று நிமிடச் சோதனை ஒன்றைச் செய்துவிட வேண்டும். அத்தகைய உள்ளீட்டுக் கருவிகள் சில, சொல்லை முதலில் ஒரு தற்காலிகப் பெட்டியில் தொகுத்துப் பின்னர் ஆவணத்தில் இடுகின்றன. விரிவுக் கருவி அந்த நேரத்தில் பார்ப்பது தமிழ் எழுத்தையா, நீங்கள் தட்டிய ஆங்கில விசையையா, அல்லது எதையுமே பார்க்கவில்லையா என்பது கருவிக்குக் கருவி மாறும். ,,க, என்ற ஒரே ஒரு குறுஞ்சொல்லை உருவாக்கி, நோட்பேடிலும் உலாவியிலும் நீங்கள் வழக்கமாகக் கடிதம் எழுதும் செயலியிலும் அடித்துப் பாருங்கள். மூன்றிலும் விரிந்தால் தமிழ்க் குறுஞ்சொற்களைத் துணிந்து பயன்படுத்தலாம். ஒன்றில் தவறினாலும் எழுத்துக்குப் பதிலாக எண்ணுக்கு மாறிவிடுங்கள். ,,1, முதல் ,,12, வரை ஒரு சிறு அட்டையில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தால் பத்து நாளில் மனப்பாடமாகிவிடும். பார்ப்பதற்கு அழகில்லைதான், ஆனால் இரு மொழி நிலைகளிலும் மாறாமல் இருப்பவை எண்களே. எஸ்பான்ஸோவில் ஒரே விரிவுக்குப் பல குறுஞ்சொற்களைக் கொடுக்க முடியும் என்பதால், தமிழ் நிலைக்கு ஒன்றும் ஆங்கில நிலைக்கு ஒன்றும் வைத்துக்கொள்வது மற்றொரு வழி.

5. விரிவுகளை எழுதுதல்

முதல் நாளில் ஐந்து போதும். வாரத்துக்கு மேலும் ஐந்து சேர்க்கலாம்.

ஆட்டோஹாட்கீயில் இதற்கென்று ஒரு வெற்று உரைக்கோப்பை உருவாக்கி, ஒரு வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். வரி இப்படி இருக்கும்:

:*:,,நன,::தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

முன்னால் உள்ள நட்சத்திரக் குறி, இடைவெளி விசைக்காகக் காத்திராமல் உடனே விரிக்கச் சொல்கிறது. கோப்பைச் சேமிக்கும்போது குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளோ புரியாத குறிகளோ வரும். இந்தக் கருவியின் இரண்டாம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் ஏராளமானவை முதல் பதிப்புக்காக எழுதப்பட்டவை. மேலே காட்டியது போன்ற எளிய வரி இரண்டிலும் ஓடும் என்றாலும், தேதியை வருவிப்பது போன்ற சற்றே சிக்கலானவை பிழைச் செய்தி தரும். எந்தப் பதிப்புக்கான எடுத்துக்காட்டு என்று பார்க்காமல் நகலெடுக்காதீர்கள். கணினியைத் திறக்கும்போதே இது தானாக ஓட வேண்டுமானால், கோப்பின் குறுக்குவழியை விண்டோஸின் ஸ்டார்ட்டப் கோப்புறைக்குள் வைக்க வேண்டும்.

எஸ்பான்ஸோவில் அமைப்புக் கோப்பு ஒன்று தயாராகவே வரும். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரிகள்: முதல் வரியில் குறுஞ்சொல், அடுத்ததில் விரிவு. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி அங்கே இலக்கணத்தின் ஒரு பகுதி. தாவல் விசையைப் பயன்படுத்தினால் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும், இடைவெளி விசையைத்தான் பயன்படுத்த வேண்டும். ‘நேற்று வரை ஓடியது, இன்று எதுவுமே விரியவில்லை’ என்ற நிலை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பெயர்ச்சொற்களை விரிவாக வைக்கும்போது வேற்றுமை உருபை நினைவில் கொள்ளுங்கள். ,,பக, என்பது ‘பல்கலைக்கழகம்’ என்று விரிந்தால் எழுவாய்க்கு மட்டுமே உதவும். நாம் பெரும்பாலும் எழுதுவதோ பல்கலைக்கழகத்தில், பல்கலைக்கழகத்துக்கு, பல்கலைக்கழகத்தின் என்பவை. ஒவ்வொரு முறையும் ‘ம்’மை அழித்துவிட்டு எழுதுவதானால் குறுஞ்சொல்லின் பயன் போய்விடும். ஆகவே ,,பகத, என்ற இரண்டாவதை ‘பல்கலைக்கழகத்’ என்று புள்ளியோடு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ‘தில்’ என்றோ ‘துக்கு’ என்றோ அடித்தால் சொல் முழுமையாகும். மகரத்தில் முடியும் எல்லாப் பெயர்களுக்கும் இப்படி இரண்டு வேண்டும். விரிவின் இறுதியில் இடைவெளி விடாதீர்கள். விட்டால் உருபு தனியே போய் நிற்கும்.

நீளமான மறுமொழிகளில் நிரப்ப வேண்டிய இடங்கள் இருக்கும். நான் முதலில் அவற்றை அடிக்கோடுகளாக விட்டேன். ‘திரு. ____ அவர்களுக்கு’ என்றே ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. இப்போது நிரப்ப வேண்டிய இடத்தில் ‘ஃஃஃ’ என்று வைக்கிறேன். அனுப்பும் முன் ‘ஃஃஃ’ என்று தேடினால் விடுபட்டது அகப்பட்டுவிடும். எஸ்பான்ஸோவில் விரிவதற்கு முன்பே ஒரு சிறு படிவத்தைக் காட்டிப் பெயரையும் தேதியையும் கேட்க வைக்கும் வசதி உண்டு. விரிந்த பிறகு சுட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதில் குறித்துவைக்கலாம். வணக்கத்துக்கும் கையொப்பத்துக்கும் நடுவில் சுட்டி வந்து நிற்கும்படி செய்துகொண்டால் கடிதம் எழுதுவது மிகவும் எளிதாகிவிடும்.

இன்றைய தேதியைப் பொறுத்தவரை, எக்செலில் மட்டும்தான் உங்களுக்குத் தேவை என்றால் குறுஞ்சொல்லே வேண்டாம். ஆங்கில நிலையில் கண்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியைத் தட்டினாலே வந்துவிடும்.

6. உலாவியின் முகவரிப் பட்டையில் குறுஞ்சொல்

இது எழுதுவதற்கானதன்று, தேடுவதற்கானது. ஒரு தளத்தைத் திறந்து, அதன் தேடல் பெட்டியைக் கண்டுபிடித்து, சொல்லை அடிப்பதற்குப் பதிலாக, முகவரிப் பட்டையிலேயே குறுஞ்சொல்லையும் தேட வேண்டியதையும் அடித்தால் நேராக முடிவுப் பக்கம் திறக்கும். இதற்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு தளத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

நீங்கள் அடிக்கடி தேடும் தளத்தில் 12345 என்று தேடுங்கள். முடிவுப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து, அதில் 12345 இருக்கும் இடத்தில் மட்டும் விழுக்காட்டுக் குறியையும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தான ‘எஸ்’ஸையும் வையுங்கள். தமிழ்ச் சொல்லைத் தேடி இதைச் செய்யாதீர்கள். நகலெடுத்த முகவரியில் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட தொடராக மாறிவிடும். எங்கே தொடங்கி எங்கே வரை மாற்றுவது என்று தெரியாது. எண்ணைத் தேடினால் அந்தக் குழப்பமில்லை.

ஃபயர்பாக்ஸில் இந்த முகவரியை ஒரு புத்தகக்குறியாகச் சேமித்து, அதன் கீவேர்ட் என்ற புலத்தில் உங்கள் குறுஞ்சொல்லை எழுதுங்கள். குரோமில் அமைப்புகளில் தேடுபொறிப் பகுதிக்குள் சென்று, தளத் தேடல் என்ற பட்டியலில் பெயர், குறுஞ்சொல், முகவரி மூன்றையும் சேருங்கள். பிறகு கண்ட்ரோல் விசையோடு ‘எல்’லைத் தட்டினால் சுட்டி முகவரிப் பட்டைக்குப் போகும், மேக்கில் கமாண்ட் விசை.

இங்கே ஓரெழுத்துக் குறுஞ்சொல் வேண்டாம். ஆங்கில ‘ஏ’யை ஒரு தளத்துக்கு வைத்துவிட்டால், அந்த எழுத்தைத் தனிச்சொல்லாகக் கொண்டு தொடங்கும் எந்தத் தேடலும் அந்தத் தளத்துக்கே ஓடும். குரோமில் இடைவெளி விசைக்குப் பதிலாகத் தாவல் விசையைத் தட்டினால் மட்டும் குறுஞ்சொல் செயல்படும்படி மாற்றிக்கொள்ள முடியும், அப்படி மாற்றிவிடுவது நல்லது.

சேர்க்காமலேயே கிடைப்பவையும் உண்டு. ஃபயர்பாக்ஸில் நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் விட்டு அடித்தால் புத்தகக்குறிகளுக்குள் மட்டும் தேடும். விழுக்காட்டுக் குறியிட்டால் திறந்திருக்கும் தாவல்களுக்குள் மட்டும் தேடும். ஐம்பது தாவல்களைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றைத் தேடி அலைபவர்கள் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். டக்டக்கோவைத் தேடுபொறியாக வைத்திருப்பவர்கள் வியப்புக்குறியோடு தொடங்கும் தயார்நிலைக் குறுஞ்சொற்களைப் பயன்படுத்தலாம். வியப்புக்குறியோடு ஆங்கில ‘டபிள்யூ’ சேர்த்தால் விக்கிப்பீடியாவில் தேடும்.

7. சேர்க்கக் கூடாதவையும், வேலை செய்யாத இடங்களும்

கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை எண் ஆகியவற்றை விரிவாக வைக்காதீர்கள். ஆட்டோஹாட்கீ, எஸ்பான்ஸோ இரண்டின் கோப்புகளும் எவரும் திறந்து படிக்கக்கூடிய வெற்று உரை. கணினியைச் சற்று நேரம் வாங்கிப் பயன்படுத்துபவர் தவறுதலாகக் குறுஞ்சொல்லை அடித்தாலும் எண் திரையில் விழுந்துவிடும். கடவுச்சொற்களுக்கென்றே தனிச் செயலிகள் இருக்கின்றன. அதே போல, ‘ஒப்புதல் அளிக்கிறேன்’, ‘தொகையைப் பெற்றுக்கொண்டேன்’ போன்று பொறுப்பை ஏற்கும் வாக்கியங்களையும் நான் விரிவாக வைப்பதில்லை. அவற்றைக் கையால் அடிக்கும் அரை நிமிடத்தில் ஒருமுறை யோசிக்கத் தோன்றுகிறது.

விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரங்களில், சாதாரண உரிமையோடு ஓடும் ஆட்டோஹாட்கீ விரிக்காது. அது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடு. மேக்கில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி ஒன்று பின்னால் திறந்தபடியே இருந்தால், விசைகளைப் பிற நிரல்கள் பார்க்க முடியாதபடி கணினி பூட்டிக்கொள்ளும். எல்லாக் குறுஞ்சொற்களும் திடீரென்று நின்றுபோனால் அத்தகைய பெட்டி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். தொலைவில் உள்ள கணினியைச் சாளரத்துக்குள் திறந்து வேலை செய்யும்போது, நீளமான விரிவுக்குப் பதிலாக நீங்கள் முன்பு நகலெடுத்த வேறு ஏதோ ஒன்று வந்து விழலாம். நீளமான பத்தியை எஸ்பான்ஸோ போன்ற கருவி எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை, நகலெடுத்து ஒட்டிவிட்டுப் பழைய நகலைத் திரும்ப வைக்கிறது. இணைப்பு மெதுவாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே பழையது திரும்பிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் கருவியைத் தொலைக் கணினியிலேயே நிறுவுவதுதான் தீர்வு.

8. காப்புப் பிரதியும் களையெடுப்பும்

ஆட்டோஹாட்கீ, எஸ்பான்ஸோ இரண்டின் பட்டியலும் சாதாரணக் கோப்புகள் என்பதால், அவற்றை வேறொரு வட்டிலோ மேகச் சேமிப்பிலோ நகலெடுத்து வைத்தால் போதும். புதிய கணினியில் கருவியை நிறுவிக் கோப்பை உரிய இடத்தில் வைப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். வேர்டின் பட்டியல் அவ்வளவு எளிதாக இடம் மாறாது. பயனர் கோப்புறையின் ஆழத்தில் மொழிக்கொரு கோப்பாக அது கிடக்கும். கணினியை மாற்றும்போது இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே வேர்டில் சேர்ப்பவற்றைத் தனியாக ஓர் ஆவணத்தில், ஒரு நெடுவரிசையில் குறுஞ்சொல்லும் மறு நெடுவரிசையில் விரிவுமாக, அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை பட்டியலைத் திறந்து, அந்த மாதத்தில் ஒருமுறைகூட அடிக்காதவற்றை நீக்குங்கள். முகவரி, பதவி, தொலைபேசி எண் மாறியிருந்தால் முதலில் திருத்த வேண்டிய இடமும் இதுதான். பழைய எண்ணோடு பதினைந்து கடிதங்கள் போன பிறகு நான் இதை நாள்காட்டியில் குறித்துவைத்தேன். இப்போது என்னிடம் இருபத்திரண்டு குறுஞ்சொற்கள் இருக்கின்றன. ‘நன்’ இருந்த இடத்தில் ,,நன, இருக்கிறது. இரங்கல் மடல் எழுதும்போது மட்டும் கருவியை நிறுத்திவிட்டுத்தான் உட்காருகிறேன்.